டம்ளர் கைதவறி விழல, கைதான் வெட்டி இழுத்திருக்கு

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு ப்ளஸ் டூ. ஆறு மாசமா காலைல எந்திரிச்ச உடனே டீ டம்ளர கீழ போடுறா, கவனமே இல்லைன்னு வீட்டுல எல்லாரும் திட்டிட்டே இருந்திருக்காங்க. போன மாசம் பரீட்சைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு படிச்சவ, காலைல பல்லு விளக்குறப்போ கை கால் இழுத்து விழுந்துட்டா, நாக்க கடிச்சு ரத்தம். ஸ்கேன் நார்மல். கார்பமசெபின்ங்கற வலிப்பு மாத்திரை குடுத்திருக்காங்க, ஆனா அதுக்கப்புறம் டம்ளர் போடுறது ஜாஸ்தியாயிருச்சாம். இது ஃபிட்ஸ்தானா, மலைக் குளிரால வருதா, மாத்திரைய நிறுத்திடலாமா, நாளைக்கு கல்யாணம் பண்ண முடியுமா, இதுதான் கேள்வி.

அம்மா, முதல்ல அந்த மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்துனா வலிப்பு ஒண்ணு மேல ஒண்ணா விடாம வரலாம். ஆனா அது டாக்டர்கிட்ட சொல்லி மாத்த வேண்டிய மாத்திரையாத்தான் தெரியுது, இந்த வாரத்துக்குள்ளயே ஒரு நியூராலஜிஸ்ட்ட, அதாவது மூளை நரம்பு டாக்டர பாத்துருங்க.

ஏன் சொல்றேன்னா அந்த டம்ளர். காலைல எந்திரிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள, கரண்ட் அடிச்ச மாதிரி கை ஒரு வெட்டு வெட்டும், கைல இருக்கறது பறந்து போயிரும், ஆனா பாப்பாவுக்கு நினைவு தப்பாது. இதுவும் வலிப்புதான், மயோகுளோனிக் ஜெர்க்னு பேரு. 12ல இருந்து 18 வயசுக்குள்ள இப்படி காலை நேர வெட்டு ஆரம்பிச்சு, அப்புறம் தூக்கம் கெட்ட ஒரு நாள்ல பெரிய வலிப்பும் வந்துச்சுன்னா முதல்ல நினைக்க வேண்டியது ஜுவனைல் மயோகுளோனிக் எபிலெப்சிங்கற வலிப்பு வகை. நீங்க டாக்டர்கிட்ட பெரிய வலிப்ப மட்டும் சொல்லியிருப்பீங்க, டம்ளர் கதைய அவரும் கேட்டிருக்க மாட்டார், நிறைய கேஸ் இப்படித்தான் தப்பிப் போகுது.

வலிப்புல ரெண்டு பெரிய பிரிவு. மூளைல ஒரு இடத்துல ஆரம்பிக்கறது ஃபோக்கல், ரெண்டு பக்கமும் ஒண்ணா ஆரம்பிக்கறது ஜெனரலைஸ்டு. ஃபோக்கல்ல ஒரு கை மட்டும் துடிக்கலாம், இல்லைன்னா அடிவயித்துல இருந்து என்னமோ மேல ஏறுற மாதிரி இருக்கும், அப்புறம் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் வாய சப்புக் கொட்டிட்டு சட்டை பட்டன நோண்டிட்டு இருப்பாங்க, கூப்பிட்டா பதில் வராது. கிளாஸ்ல பத்து செகண்ட் வெறிச்சுப் பாத்துட்டு உடனே பழையபடி எழுத ஆரம்பிக்கிற சின்னப் பிள்ளைக்கு இருக்கறது ஆப்சென்ஸ், அது ஜெனரலைஸ்டு வகை, டீச்சர் கனவு காண்றான்னு நினைச்சுக்குவாங்க. கார்பமசெபின் ஃபோக்கலுக்கு நல்ல மருந்து, அதே மருந்து ஆப்சென்ஸையும் காலை நேர வெட்டையும் கூட்டி விட்டுரும். உங்க வீட்ல நடந்தது அதுவாத்தான் இருக்கும்.

இந்த வகைல ஸ்கேன் நார்மலாத்தான் இருக்கும், மூளையோட மின் அலைய பதியற ஈஈஜி டெஸ்ட் எடுங்க. முதல் ஈஈஜில நிறைய பேருக்கு ஒண்ணும் தெரியாது, டாக்டர் சொன்னா முந்தின ராத்திரி தூக்கத்த குறைச்சுட்டு எடுக்கணும். மருந்துன்னு பாத்தா இதுக்கு நல்லா கேக்கறது வால்ப்ரோயேட், ஆனா கர்ப்ப காலத்துல அத சாப்பிட்டா நூறு குழந்தைல சுமார் 10 குழந்தைக்கு பிறவிக் குறை வர வாய்ப்பு இருக்கு, வளர்ச்சியும் பாதிக்கும். அதனால பொண்ணுங்களுக்கு பெரும்பாலும் லெவெடிரசிட்டம்தான் முதல்ல யோசிப்பாங்க. அதுல சிலருக்கு கோவம் எரிச்சல் வரும், வந்தா மறைக்காம சொல்லுங்க. மத்த பல வகைல ரெண்டு வருஷம் வலிப்பே இல்லைன்னா டாக்டர் மெதுவா குறைச்சுப் பாப்பார், இந்த வகை நிறுத்துனா பெரும்பாலும் திரும்பி வருது, ரொம்ப வருஷம் சாப்பிட வேண்டியிருக்கும்னு மனச தயார் பண்ணிக்கோங்க. பொதுவா வலிப்புக்காரங்க 10 பேர்ல 7 பேருக்கு மாத்திரைலயே நிக்கும். ரெண்டு சரியான மருந்து போட்டும் நிக்காதவங்களுக்குத்தான் ஆபரேஷன் யோசனை, அதுவும் ஃபோக்கலுக்குத்தான் பெரும்பாலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்ல 1995ல இருந்து பண்ணிட்டு இருக்காங்க. உங்களுக்கு அந்தப் பேச்சே இப்ப வேண்டாம்.

குளிரால வராதுங்க. ஆனா குளிருக்குன்னு நாம பண்ற சில வேலைகளால வரும். ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல கேஸ் கீசர போட்டுட்டு குளிக்கறது, கரி அடுப்ப மூட்டி ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்திட்டு தூங்கறது, ரெண்டுலயும் கார்பன் மோனாக்ஸைடுங்கற விஷ வாயு சேர்ந்து ஆள் மயங்கி விழுந்து கை கால் வெட்டும். அத ஃபிட்ஸ்னு நினைச்சு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுறவங்களும் உண்டு, எங்க விழுந்தீங்கன்னு கேட்டா பாத்ரூம்லன்னுதான் வரும். வலிப்பு வர இன்னொரு காரணம் பன்றி நாடாப்புழு முட்டை, மனுஷக் கழிவு கலந்த தண்ணில கழுவுன காய பச்சையா சாப்பிட்டா உள்ள போய் மூளைல கட்டியாயிரும், ஸ்கேன்ல தெரியும். கேரட் சாப்பிட்டா வலிப்பு வரும்னு யாரும் கிளப்பி விட்டுறாதீங்க, தோட்டத்துல இருந்து புடுங்கி அப்படியே கடிக்காம நல்ல தண்ணில கழுவுனா போதும்.

மறுபடி வந்தா இரும்பு சாவி வேண்டாம், வாயில ஸ்பூன் வேண்டாம், கைய கால அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். அடுப்பு, சரிவு, கல் பக்கத்துல இருந்து தள்ளிக் கொண்டு வந்து, துடிப்பு நின்னதும் ஒருக்களிச்சு படுக்க வைங்க, கடிகாரத்த பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108. நம்ம ரோட்டுல வண்டி வந்து சேர நேரம் ஆகும்ங்கறதால வலிப்ப நிறுத்த மூக்குல அடிக்கிற மிடசோலம் மருந்து ஸ்ப்ரே வீட்டுல வச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பாத்ரூம் கதவ உள்ள தாழ் போட வேண்டாம்னு பாப்பாகிட்ட சொல்லிடுங்க.

கல்யாணம் தாராளமா பண்ணலாம். வலிப்பு இருந்தா கல்யாணம் செல்லாதுங்கற மாதிரி இந்து திருமணச் சட்டத்துல இருந்தத 1999லயே எடுத்துட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க, மறைச்சா மாத்திரைய ஒளிச்சு ஒளிச்சு சாப்பிட்டு ஒரு நாள் விட்டுப் போகும், அன்னிக்குத்தான் விழுவா. குழந்தை பெத்துக்கலாம், அதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி மருந்த சரி பண்ணிட்டு ஃபோலிக் ஆசிட் விட்டமின் மாத்திரை ஆரம்பிக்கணும்.

இப்ப உடனே பண்ண வேண்டியது, நாளைக்கு காலைல பாப்பா டீ குடிக்கறப்போ செல்போன்ல வீடியோ எடுங்க, அந்த வெட்டு பதிவாச்சுன்னா டாக்டருக்கு ஸ்கேன விட பெரிய உதவி. திட்டாம எடுங்க. டீய பிளாஸ்டிக் டம்ளர்ல ஆற வச்சு குடுங்க.