98-வது திரெட்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஒன்று எவ்வளவு சுமை தாங்கும் என்று ஜேமீட்டர் என்ற டூலில் லோடு டெஸ்ட் செய்கிறேன். நாம் எழுதும் ஜாவா கோடை ஓட்டும் அதன் ஜாவா சாம்ப்ளருக்குச் சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதியிருக்கிறேன். அதன் செட்டப்டெஸ்ட் மெத்தடில் திரெட்டுக்கு (ஒரு யூசரைப் போல ஓடுவது) ஒரு கனெக்‌ஷன் திறந்து, அந்தந்தத் திரெட்டுக்கு மட்டும் தெரியும் திரெட்லோக்கலில் வைக்கிறேன், டியர்டவுன்டெஸ்ட்டில் மூடுகிறேன். மொத்தம் 200 திரெட், அவை ஒவ்வொன்றாகக் கிளம்ப ஆகும் ராம்ப்-அப் நேரம் 10 நிமிடம். ஒரு திரெட் 2 நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படியானால் ஒரே நேரத்தில் 40 கனெக்‌ஷன்தானே இருக்க வேண்டும்? ஆனால் ஐந்து நிமிடம் ஆகும் முன்பே, மிச்ச இடங்கள் சூப்பர்யூசருக்கு ஒதுக்கியவை என்று எரர் வருகிறது. டேட்டாபேஸ் செட்டிங் எதையும் நான் தொடவில்லை. கனெக்‌ஷன் வரம்பைக் கூட்டிவிடு என்கிறார் டீம் லீட். சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

கூட்டினால் எரர் போய்விடும், கோளாறு போகாது.

உங்கள் 40 கணக்கில் தப்பில்லை. போஸ்ட்கிரஸ் பக்கக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். செட்டிங்கைத் தொடாவிட்டால் வரம்பு 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு. மிச்சம் 97. பத்து நிமிடத்தில் 200, அதாவது மூன்று வினாடிக்கு ஒரு திரெட் என்றால் 98-வது கிளம்புவது 291-வது வினாடியில். நீங்கள் சொல்லும் அதே நேரம். ஆக, அதுவரை திறந்ததில் ஒன்றுகூட மூடவில்லை.

காரணம், டியர்டவுன்டெஸ்ட்டை ஜேமீட்டர் அந்தந்தத் திரெட் முடியும்போது கூப்பிடுவதில்லை. சாம்ப்ளர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, மொத்த டெஸ்ட்டும் முடிந்த பிறகுதான் வரிசையாகக் கூப்பிடுகிறது. சாப்பிட்டவர் எழுந்து போயாயிற்று. இலையை மட்டும் கல்யாணமே முடிந்த பிறகுதான் எடுப்பேன் என்றால் அடுத்த பந்தி எங்கே உட்காரும்?

இன்னொன்றும் இருக்கிறது. அப்படிக் கடைசியில் கூப்பிடுவது உங்கள் திரெட் இல்லை, டெஸ்ட்டை நடத்தும் ஜேமீட்டர் எஞ்சினுடைய திரெட். அங்கே போய் திரெட்லோக்கலைக் கேட்டால் நல், அதாவது ஒன்றுமில்லை என்றுதான் வரும். நல் செக் போட்டிருப்பீர்கள், அதனால் சத்தமே இல்லாமல் தாண்டிப் போயிருக்கும். ஜேமீட்டரை மூடியதும் ஆபரேட்டிங் சிஸ்டம் சாக்கெட்டை எல்லாம் மூடிவிடுவதால் சின்ன டெஸ்ட்டில் இது கண்ணிலேயே படாது. நானும் இதில் ஒரு நாள் தொலைத்தவன்தான்.

முதலில் திரெட்லோக்கலை எடுத்துவிட்டு, கனெக்‌ஷனைக் கிளாஸின் சாதாரண ஃபீல்டில் வையுங்கள். திரெட்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட் இருப்பதால் குழப்பம் வராது. ஆனால் இதனால் கடைசியில் ஒழுங்காக மூடும், அவ்வளவுதான். 98-வது திரெட் அப்போதும் விழும்.

திரெட் முடிந்த கையோடு மூட, திரெட்லிசனர் இண்டர்ஃபேஸ் வேண்டும். அதன் திரெட்ஃபினிஷ்ட் மெத்தட் அந்தத் திரெட்டுக்குள்ளேயே ஓடும். எரர் வந்து திரெட் பாதியில் நின்றாலும் ஓடும். ஒரு சிக்கல்: டெஸ்ட் பிளானில் இருக்கும் எலிமெண்ட்டுகளைத்தான் ஜேமீட்டர் இதற்காகத் தேடும். ஜாவா சாம்ப்ளருக்குள் இருக்கும் உங்கள் கிளாஸ் அதன் கண்ணில் படாது. தனி எலிமெண்ட்டாகத்தான் எழுத வேண்டும்.

டியர்டவுன் திரெட் குரூப்பைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். பெயர் ஏமாற்றும். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு, வேறு திரெட்களில் ஓடுவது. உங்கள் திரெட்டின் வேரியபிள்கள் அதற்குத் தெரியாது.

இவ்வளவு மெனக்கெட நேரமில்லையா? ஜேமீட்டரிலேயே இருக்கும் ஜேடிபிசி கான்ஃபிகில் பூல் (திறந்து வைத்துப் பகிரும் கனெக்‌ஷன்களின் தொகுப்பு) அளவை 40 என்று வைத்து எல்லாத் திரெட்டும் பகிர்ந்துகொள்ளட்டும். அங்கே 0 மட்டும் போடாதீர்கள். திரெட்டுக்கு ஒரு தனி பூல் ஆகி, பழைய கதைதான்.

மாற்றிய பிறகு டெஸ்ட் ஓடும்போதே, திறந்திருக்கும் கனெக்‌ஷன்களைக் காட்டும் போஸ்ட்கிரஸின் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் எண்ணிக்கை 40 பக்கத்தில் நிற்க வேண்டும். ஐடில் (வேலையில்லாமல் சும்மா இருப்பவை) என்று ஒரு நீளப் பட்டியல் தெரிந்தால் கிளாஸை அப்படியே அனுப்புங்கள், பார்க்கிறேன்.