நண்பர்களுடன் கேரவன் வாகனத்தில் நீண்ட பயணம் புறப்படுமுன் எதைக் கவனிக்க வேண்டும்?

நால்வராக இலங்கையைச் சுற்றி இரண்டு வாரம் போக இருக்கிறோம், என்னென்ன ஆயத்தம் தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் வாகனம் கைக்கு வந்துவிட்டது, இனிச் சாமான் பட்டியல்தான் மிச்சம் என்று எண்ணுகிறீர்கள் போலும். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். பட்டியலை மற்றவர்கள் தரட்டும். நான் பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அந்த விடயத்தில் என் நண்பர்கள் இன்றுவரை என்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள்.

முதலில் 2022 இல் புறப்படுவதாக இருந்தது. அந்த ஆண்டு டீசலுக்கு வரிசையில் நின்றதும், பின்னர் கியூஆர் குறியீட்டுக்கு வாராந்தப் பங்கீடு வந்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வாகனங்களும் கைக்கெட்டாத விலையில் இருந்தன. பொறுத்திருந்து ஒரு பழைய சிறு பேருந்தை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, நான்கு படுக்கையும் ஒரு சமையல் மேடையும் பொருத்தினோம். வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்று யாரும் எழுத வரவேண்டாம். நால்வருமே சம்பளக்காரர், இருவர் இதற்காகக் கடனும் எடுத்தவர்கள். கிழக்கில் மாரி மழை ஓய்ந்து, தெற்கிலும் மேற்கிலும் மே மாத மழை தொடங்காத இடைவெளி என்பதால் மார்ச் மாதத்தைத் தெரிந்தோம். அது ஒன்றுதான் நாங்கள் சரியாகச் செய்த கணக்கு.

தண்ணீர்த் தொட்டி 200 லீற்றர். குளியலறை பின்னால் இருந்ததால் குழாய் வேலை குறையட்டும் என்று தொட்டியையும் பின் சில்லுக்கு அப்பால் வைக்கச் சொன்னவன் நான். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் பின் அச்சுக்கு அப்பால் ஏற்றும் பாரம் நெம்புகோல்போல முன்பக்கத்தைத் தூக்கும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. அதன்மேல் இரண்டு பற்றரிகள், மேலதிகச் சில்லு, நண்பன் ஒருவனின் தாயார் அன்போடு கொடுத்துவிட்ட அரிசி மூட்டை. எங்கள் ஊரான திருகோணமலையின் உவர்மலை இறக்கத்தில் இறங்கும்போதே சுக்கான் கைக்கு அளவுக்கு மீறி இலேசாக இருந்தது. பேசாமல் ஊருக்குள்ளேயே அநுராதபுரச் சந்திக்கு அருகில் தெரிந்தவர் ஒருவரின் கராஜுக்குத் திருப்பினோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது முன்சில்லு நிலத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும்தான் நிக்குது" என்றார்.

பின்னர் அலுமாரியைத் திறந்து காஸ் சிலிண்டரைக் காட்டச் சொன்னார். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, படுக்கைக்குக் கீழே தரையோடு தேங்கும். எங்கள் அலுமாரியிலோ காற்றுத் துவாரம் மேற்பக்கத்தில் இருந்தது. வேலை செய்த பட்டறையில் கேட்டபோது எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறோம் என்றார்கள். காசை முழுதாக வாங்கிய பின் வருகிற அந்தப் பதில் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. கராஜ்கார அண்ணன் அன்றே தரைமட்டத்தில் வெளியே திறக்கும்படி துவாரம் வெட்டித் தந்தார்.

அடுத்த இரண்டு மணி நேரம் எதை இறக்குவது என்ற சண்டை. தாயார் தந்த அரிசியை இறக்க அவன் சம்மதிக்கவில்லை. தண்ணீர்தான் 120 லீற்றர் வெளியே போயிற்று. வவுனியா ஏறக்குறைய நூறு கிலோமீற்றர், அங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்பது அதற்குப் பிறகுதான் எவருக்கும் தோன்றியது. ஆகவே நீங்கள் எல்லாவற்றையும் ஏற்றி, நால்வரும் ஏறியபின், அரிசி ஆலையிலோ பழைய இரும்புக் கடையிலோ லொறி நிறுக்கும் தராசில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். எதை முதலில் இறக்குவது என்பதையும் வீட்டில் வைத்தே பேசி முடியுங்கள். மாற்றியமைத்த வாகனமென்றால் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். ஓர் இரவு நிலாவெளிப் பக்கம் நிறுத்திப் படுத்துப் பார்த்திருந்தால் எங்கள் குறைகளில் பாதி முன்பே தெரிந்திருக்கும்.

உறவினர் விடயத்தையும் சொல்லவேண்டும். நம்மவருக்கு ஊருக்கு ஊர் ஒரு மாமி இருப்பார். வவுனியாவில் என் மாமி, "வீடு இருக்க வானுக்குள்ளயோ படுக்கப்போறியள்?" என்று கேட்டு இரண்டு நாள் கதைக்கவில்லை. சாப்பாடு உங்கள் வீட்டில், படுக்கை வாசலில் என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வையுங்கள்.

எத்தனை மணிக்குப் புறப்படுவது நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். ஹொரவப்பொத்தானைப் பாதையிலும் கந்தளாய் – ஹபரணைப் பாதையிலும் இருட்டில் யானை குறுக்கிடும்; நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். நாங்கள் அதிகாலை நான்கு மணி என்று திட்டமிட்டு, கராஜிலிருந்து ஒன்பதே முக்காலுக்குப் புறப்பட்டோம்.