எக்ஸ்ரே நார்மல், ஆனாலும் கால் ஊன்ற முடியவில்லை: உள்ளங்காலைப் பாருங்கள்

பைக் சாய்ந்ததில் தம்பியின் பாதம் முறுக்கிக்கொண்டது, எக்ஸ்ரே பார்த்து சுளுக்கு என்று அனுப்பிவிட்டார்கள், ஐந்து நாளாகியும் கால் ஊன்ற முடியவில்லை, உள்ளங்காலில் நீலம் பாய்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நீலம்தான் எனக்கு உறுத்துகிறது. வெறும் சுளுக்கில் அது அவ்வளவாக வராது. லிஸ்ஃப்ராங்க் காயமோ என்று சந்தேகப்பட வேண்டும். பாதத்தின் நடுவில் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் அறுந்தோ, அது பிடித்திருக்கும் இடத்தில் எலும்பு பெயர்ந்தோ போவது அது.

படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இது எளிதாகத் தப்பிவிடும். நானே அவசரப் பிரிவில் ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறேன். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தால் நின்றபடி, இரண்டு பாதத்தையும் சேர்த்து எக்ஸ்ரே எடுப்பார்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் போகும் எலும்புகளின் அடிப்பகுதிகளுக்கு (பாதத்தின் நடுப்பக்க முனைகளுக்கு) இடையே 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் விஷயம் பெரிது. வலியில் நிற்கவே முடியாவிட்டால் சி.டி. ஸ்கேன்.

அதுவரை அந்தக் காலை ஊன்றவே கூடாது. மாவுக்கட்டு, ஊன்றுகோல், காலைத் தூக்கி வைத்தல். எண்ணெய் போட்டு நீவிவிடுவது வேண்டவே வேண்டாம். எலும்பு விலகியிருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

அப்புறம், வலி திடீரென்று தாங்க முடியாமல் ஏறினாலோ, விரல்கள் மரத்தாலோ, இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.