நிலநடுக்கவியலில் முனைவர் பட்டம், அதற்குப் பிறகு? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

புவி இயற்பியலில் முனைவர் ஆய்வின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். தென்னிந்தியாவின் கிரானுலைட் (ஆழத்தில் அதிக வெப்பத்தில் உருமாறிய பாறை) பகுதியில் எட்டு நிலநடுக்க நிலையங்களின் பதிவுகளை வைத்து, ரிசீவர் ஃபங்ஷன் முறையில், அதாவது தொலைதூர நிலநடுக்க அலைகள் நிலையத்துக்கு அடியில் மாறும் விதத்தைக் கொண்டு, புவி மேலோட்டின் தடிமனைக் கணக்கிடுவது என் தலைப்பு. ஒரு கட்டுரை வெளிவந்துவிட்டது. இன்னொன்று மதிப்பீட்டில் இருக்கிறது.

ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று நாற்பது பேராசிரியர்களுக்கு போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கேட்டு மின்னஞ்சல் போட்டேன். மூன்று பேர் பதில் எழுதினார்கள், மூன்றிலும் "இப்போது இடமில்லை". வீட்டில் யூபிஎஸ்சி எழுதச் சொல்கிறார்கள். கூடப் படித்தவர்கள் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தத் துறையில் உண்மையிலேயே இடம் இருக்கிறதா? எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது, எப்போது தொடங்குவது? எங்கள் நிலையங்களின் தரவை வெளியாருக்குக் காட்ட அனுமதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

இடம் இருக்கிறது. நாற்பது மின்னஞ்சலுக்கும் சரியான பதில் வராததற்குப் பாதிக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உலக நிலநடுக்க நிலையங்களில் பெரும்பகுதியின் அலைப்பதிவை எஃப்டிஎஸ்என் என்ற பன்னாட்டு நிலநடுக்க வலைக் கூட்டமைப்பின் இணையச் சேவை வழியாக யாரும் இலவசமாக எடுக்கலாம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பேராசிரியர், ஒரு மாணவரின் கட்டுரையைப் பார்த்ததும் தரவு எங்கே, நிரல் எங்கே என்றுதான் தேடுவார். இந்தியாவில் தேசிய நிலநடுக்கவியல் மையம் மட்டுமே 150க்கு மேல் நிலையங்களை நடத்துகிறது. ஆய்வு நிறுவனங்களின் நிலையங்கள் தனி. இவற்றின் தொடர் பதிவுகள் பெரும்பாலும் அந்தத் திறந்த சேவைகளில் கிடைப்பதில்லை. ஆகவே உங்கள் நான்கு ஆண்டு உழைப்பை வெளியில் இருப்பவர் சரிபார்க்க வழியே இல்லை. இது உங்கள் தவறல்ல. ஆனால் இதைச் சரிசெய்ய வேண்டியவர் நீங்கள்தான். ஆய்வேடு எழுதும்போதே இரண்டு மாதம் ஒதுக்கினால் போதும்.

செய்ய வேண்டியது இது. உங்கள் முறையை அப்படியே, பதிவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கும் இரண்டு நிலையங்களில் ஓட்டுங்கள். ஒன்று ஹைதராபாத்தில் உள்ள எச்ஒய்பி என்ற நிலையம். பிரான்சின் ஜியோஸ்கோப் வலையைச் சேர்ந்தது. மற்றொன்று கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் உள்ள பிஏஎல்கே, ஐஐ என்ற குறியுள்ள உலக வலையைச் சேர்ந்தது. இந்த இரண்டைச் சொல்லக் காரணம் உண்டு. இலங்கையின் நடு மேட்டுநிலப் பாறைகளும் உங்கள் கிரானுலைட் பகுதியும் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தின் காலத்தில் ஒட்டிக் கிடந்தவை. ஹைதராபாத் பழைய தார்வார் பாறையில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் எட்டு நிலையங்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு ஒப்பீட்டுப் புள்ளி கிடைத்துவிடும்.

நிலையத்திலிருந்து 30 முதல் 90 பாகை தொலைவுக்குள், 5.5க்கு மேற்பட்ட அளவுள்ள நிலநடுக்கங்களை எடுங்கள். முதலில் வந்து சேரும் பி அலைக்கு ஒரு நிமிடம் முன்பிருந்து இரண்டு நிமிடம் பின்புவரை வெட்டுங்கள். நிலநடுக்கத் தரவுக்கான பைத்தான் தொகுப்பான ஆப்ஸ்பையில் இதை எழுத ஐம்பது வரி போதும். கருவியின் துலங்கலை (கருவி அலையை மாற்றிப் பதியும் விதத்தை) நீக்குவது இந்த முறைக்குக் கட்டாயமில்லை. செங்குத்து, வடக்கு, கிழக்கு என்ற மூன்று கூறுகளும் ஒரே வகை உணரியில் பதிவானால், ஒரு கூறை மற்றதால் வகுப்பது போன்ற டிகன்வல்யூஷன் கணக்கில் அது தானே அடிபட்டுப் போகும். கூறுகளின் உணர்திறன் வேறுபட்டால் மட்டும் அதைச் சரிக்கட்ட வேண்டும். நேர்காணலில் இதைக் கேட்டால் பலர் தடுமாறுவார்கள்.

தவறுகள் பெரும்பாலும் வேறு இடங்களில் நேர்கின்றன. சில நிலையங்களின் கிடைக்கூறுகள் பிஎச்என், பிஎச்இ என்று இல்லாமல் பிஎச்1, பிஎச்2 என்று இருக்கும். அவை சரியாக வடக்கு, கிழக்கு நோக்கி இருக்க வேண்டியதில்லை. நிலைய விவரம் அடங்கிய ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ள கோணத்தைப் படித்துத் திருப்ப வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் குறுக்குக் கூறில் ஆற்றல் கசியும், அதைப் பார்த்து மேலோட்டில் திசைவேறுபாடு இருப்பதாக எழுதிவிடுவார்கள். ஐஐ நிலையங்களில் 00, 10 என்ற இரண்டு இடக்குறிகளில் இரண்டு உணரிகள் இருக்கும். ஒன்றின் செங்குத்துக் கூறையும் மற்றதன் கிடைக்கூறையும் கலந்துவிடக் கூடாது. பதிவின் சாய்வை நீக்கி ஓரங்களை மழுக்காமல் டிகன்வல்யூஷன் செய்தால் தாழ் அதிர்வெண் இரைச்சல் ஊதிப் பெருகும். உயர் அதிர்வெண்ணை வடிகட்டும் காஸியன் அளவை 2.5 என்று வைத்தால் சுமார் 1.2 ஹெர்ட்ஸ் வரைதான் தெரியும் என்பதையும் படவிளக்கத்தில் எழுதுங்கள்.

விடை சரியா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஹைதராபாத்தில் மோஹோ எல்லை, அதாவது மேலோட்டின் அடித்தளம், சுமார் 33 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதாக வெளியான ஆய்வுகள் சொல்கின்றன. அங்கிருந்து மாறி வரும் எஸ் அலை, நேரடி பி அலைக்குப் பின் 4 வினாடிக்கு அருகில் தெரிய வேண்டும். 5 வினாடியில் வந்தால் முதலில் உங்கள் நிரலைச் சந்தேகியுங்கள். பிறகு தடிமனையும் பி, எஸ் அலைகளின் வேக விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பிழை எல்லையை பூட்ஸ்ட்ராப் முறையில் (தரவிலிருந்தே பலமுறை மாதிரி எடுத்துக் கணக்கிட்டு) கொடுங்கள். நிரல், நிகழ்வுப் பட்டியல், படங்கள் மூன்றையும் திறந்த களஞ்சியத்தில் போட்டு, ஸெனோடோ என்ற இலவச ஆய்வுக் களஞ்சியத்தில் டிஓஐ (நிலையான மேற்கோள்) எண் வாங்குங்கள். முதுநிலை மாணவர் தந்த பழைய மேட்லாப் நிரல்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் அதைப் பைத்தானில் திரும்ப எழுத இதுவே தருணம்.

இனி மின்னஞ்சல். நாற்பது பேருக்கு ஒரே கடிதம் போயிருக்கும் என்று ஊகிக்கிறேன். பெயரை மாற்றி அனுப்பிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எட்டுப் பேருக்கு எழுதுங்கள், எட்டும் வேறு வேறாக இருக்கட்டும். 200 சொல்லுக்கு மேல் வேண்டாம். அவருடைய எந்தக் கட்டுரையின் எந்தப் படம் உங்கள் கேள்வியைத் தொடுகிறது என்று இரண்டு வரி. நீங்கள் செய்து முடித்தது இரண்டு வரி, களஞ்சியத்தின் சுட்டியோடு. அவரோடு சேர்ந்து எந்தத் தரவில் எந்தக் கேள்வியை எடுப்பீர்கள் என்று மூன்று வரி. எப்போது பட்டம் முடியும், எந்த நல்கைக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி. இரண்டு பக்கத் தன்விவரக் குறிப்பை இணையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"இடமில்லை" என்று வந்த மூன்று பதில்களையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு அர்த்தம் "என் திட்டத்தில் இப்போது பணமில்லை" என்பதுதான். போஸ்ட்டாக் இரண்டு வகை. ஒன்று, பேராசிரியரின் திட்டப் பணத்தில் அவரே ஆள் எடுப்பது. விளம்பரம் எப்போது வேண்டுமானாலும் வரும். டிசம்பரில் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் மாநாடு நடப்பதால் அதையொட்டிய மாதங்களில் அதிகம் கண்ணில் படும். கேள்வியை அவர் ஏற்கனவே முடிவு செய்திருப்பார், உங்கள் கைத்திறன்தான் தேவை. மற்றது, நீங்கள் திட்டம் எழுதி நல்கையைக் கொண்டுபோவது. பணமில்லை என்றவரிடம் இரண்டாவது வகையோடு போகலாம். அந்த மூவருக்கும் இப்படி மறுபடி எழுதலாம், தவறே இல்லை.

நல்கைகளில் தேதியும் தகுதியும்தான் ஆளைக் கவிழ்க்கும். ஐரோப்பாவின் மேரி கியூரி நல்கைக்கு வழக்கமாகச் செப்டம்பரில் இறுதித் தேதி. அதற்குள் பட்டத்துக்கான தேவைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், ஆய்வேட்டைச் சமர்ப்பித்தது மட்டும் போதாது. முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போக நினைக்கும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது. குறைந்த மதிப்பெண் வாங்கிய விண்ணப்பத்தை அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தோடு மறுபடி போட விதி தடுக்கிறது. எனவே அரைகுறையாக எழுதி அதிர்ஷ்டம் பார்க்கும் இடம் அது இல்லை. ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் நல்கைக்குப் பட்டம் பெற்ற ஆறு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் நீங்கள் அல்ல, அங்கே உங்களை ஏற்கும் பேராசிரியர். அவருடைய பல்கலைக்கழகம் உள்ளுக்குள் வைத்திருக்கும் கடைசி நாள் பொது இறுதித் தேதிக்கு முன்பே வந்துவிடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நிலநடுக்க ஆய்வு நிறுவனத்தையோ கியோட்டோவையோ குறி வைத்தால் நான்கு மாதம் முன்னதாகப் பேசுங்கள். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் புவி அறிவியல் போஸ்ட்டாக் நல்கை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும்தான். அங்கே உங்களுக்குத் திட்டப்பண இடங்களே வழி. ஜெர்மனியின் ஜிஎஃப்இசட் பாட்ஸ்டாம், சூரிக்கின் ஈடிஎச், சிங்கப்பூரின் புவி ஆய்வகமான ஈஓஎஸ், தைவானின் அகாடெமியா சினிகா ஆகியவற்றின் வேலைப் பக்கங்களை வாரம் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது? பட்டம் முடியும் என்று நினைக்கிற தேதிக்கு 12 முதல் 15 மாதம் முன்பு. சமர்ப்பித்தலுக்கும் வைவாவுக்கும் (வாய்மொழித் தேர்வு) நடுவே நம் பல்கலைக்கழகங்களில் பல மாதங்கள் போய்விடுகின்றன. அந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான் கையில் கிடைத்த இடத்தை இழக்கிறார்கள்.

அந்த இடைவெளிக்கே இந்தியாவில் ஒரு ஏற்பாடு உண்டு. மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப்பின் தேசிய போஸ்ட்டாக் நல்கைக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். பட்டம் வரும்வரை தொகை குறைவாக இருக்கும். வயது வரம்பு 35, பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. இரண்டு ஆண்டு. இது தவிர, திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட் பணி. 2023 திருத்தப்படி முதல் நிலைக்கு மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமான என்ஜிஆர்ஐ, டேராடூனின் வாடியா நிறுவனம், காந்திநகரின் நிலநடுக்க ஆய்வு நிறுவனமான ஐஎஸ்ஆர், சுனாமி எச்சரிக்கை மையம் உள்ள இன்காய்ஸ் எல்லாம் பார்க்க வேண்டியவை. நான் தனியாகச் சொல்ல விரும்புவது மகாராஷ்டிரத்தின் கராட்டில் உள்ள ஆழ்துளை ஆய்வகம். 1967 டிசம்பர் 11 அதிகாலை அருகிலுள்ள கொய்னாவை உலுக்கிய 6.3 அளவு நிலநடுக்கம், அணை நீர்த்தேக்கத்தோடு தொடர்புடையவற்றில் உலகம் முழுக்கப் பேசப்படுவது. அங்கே இன்னும் சிறு அதிர்வுகள் நிற்கவில்லை. அதே இடத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சோதனைத் துளை போட்டிருக்கிறார்கள். பிளவுக்குப் பக்கத்தில் போய் அளக்கும் வாய்ப்பு உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. வெளிநாட்டு போஸ்ட்டாக்கை விட அது தாழ்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அரசுப் பணி பற்றி வீட்டில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யூபிஎஸ்சியின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் ஜியோபிசிசிஸ்ட் பணி. வயது 21 முதல் 32 வரை. முதல்நிலைத் தேர்வில் பொது அறிவு 100, பாடம் 300. முதன்மைத் தேர்வில் 200 வீதம் மூன்று தாள், பிறகு நேர்முகம் 200. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இதில் தோற்பது பெரும்பாலும் தங்கள் தலைப்புக்கு வெளியே உள்ள ஈர்ப்பு, காந்த, மின் முறைகளிலும் கிணற்றுப் பதிவிலும்தான். போஸ்ட்டாக் தேடலோடு சேர்த்துப் படிக்கலாம், ஆனால் வைவாவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் இரண்டும் கெடும்.

தனியார் பக்கம் எண்ணெய் நிறுவனங்கள் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். காப்பீட்டுக்கான பேரிடர் மாதிரிகள் செய்யும் மூடிஸ் ஆர்எம்எஸ், வெரிஸ்க் போன்றவை நிலநடுக்கம் தெரிந்தவர்களை எடுக்கின்றன. அங்கே ரிசீவர் ஃபங்ஷன் உதவாது. நிகழ்தகவு முறை ஆபத்துக் கணிப்பு தெரிய வேண்டும். 50 ஆண்டில் 10 விழுக்காடு வாய்ப்பு என்பது ஏன் 475 ஆண்டு மீள்காலம் ஆகிறது என்று தாளில் போட்டுக் காட்டத் தெரிய வேண்டும், நிலஅசைவுச் சமன்பாடுகளில் எதை ஏன் தேர்ந்தீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்தக் கணிப்புக்கான ஓப்பன்குவேக் இலவச மென்பொருள். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலோரத்தில் வந்த 5.5 அளவு நிலநடுக்கத்தையும் 1900 கோவை நிலநடுக்கத்தையும் வைத்துத் தமிழ்நாட்டுக்கு ஒரு சிறு கணிப்பு செய்து பாருங்கள். இவ்வளவு குறைந்த நிகழ்வுகளை வைத்துக் கணிப்பதில் என்ன சிக்கல் என்பது அப்போது கைக்குத் தெரியும், நேர்காணலில் பேசவும் விஷயம் இருக்கும்.

இயந்திரக் கற்றலைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அலைகள் வந்த நேரத்தைத் தானே குறிக்கும் ஃபேஸ்நெட், ஈக்யூ டிரான்ஸ்ஃபார்மர் ஓட்டத் தெரியும் என்பது இன்று தனித்தகுதியே இல்லை, எல்லோரும் ஓட்டுகிறார்கள். எங்கே பிழைக்கிறது என்று தெரிந்தவர் குறைவு. அவை வினாடிக்கு 100 மாதிரிகள் கொண்ட பதிவில் பழக்கப்பட்டவை. பிஎச் வரிசைகளோ 20 அல்லது 40 மாதிரிகள். மாதிரி எண்ணிக்கையை மாற்றாமல் கொடுத்தால் நிரல் பிழைச்செய்தி தராமல் தவறான நேரங்களைத் தரும். ஒளியிழை வடத்தையே உணரியாக்கும் டாஸ் முறையில் இடங்கள் பெருகுகின்றன. 10,000 புள்ளிகளில் வினாடிக்கு 200 மாதிரி, ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் நாளுக்கு 690 ஜிகாபைட் வரும். அதைச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு. மென்பொருள் வேலைக்குப் போன உங்கள் நண்பர்களிடம் இந்தப் பகுதியைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆவணங்கள். மூன்று பரிந்துரையாளர்கள் வேண்டும், நெறியாளர் ஒருவர், கட்டாயம் வெளி நிறுவனத்தவர் ஒருவர். மூன்று வாரம் முன்பே கேட்டு, களஞ்சியச் சுட்டியையும் ஆய்வுத் திட்டத்தையும் அவர்களுக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் "கடின உழைப்பாளி, நல்ல பண்பினர்" என்ற கடிதம்தான் போகும், அதற்கு எங்கும் மதிப்பில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் போடும் முன் பட்டச் சான்றோ தற்காலிகச் சான்றோ கேட்கும். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க முடியாது. வைவா முடிந்த அன்றே தற்காலிகச் சான்றுக்கு மனுவும் கட்டணமும் கொடுத்து, அதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.