லீபிக்கின் ஐந்து குமிழ்கள்

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பற்றிய உங்கள் கட்டுரையில் பாதிக்கு மேல் ஒரு கண்ணாடிக் கருவிக்கே போய்விட்டது. 1828-ல் வேதியியலாளர் வோலர் ஆய்வகத்தில் யூரியா செய்ததுதானே கரிம வேதியியலின் தொடக்கம்? வகுப்பில் அப்படித்தான் நடத்துகிறேன். அந்தக் கருவி வேலை செய்யும் விதமும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

– ஒரு வேதியியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

யூரியா பெரிய விஷயம்தான். ஆனால் கையிலிருக்கும் வெள்ளைப் பொடி யூரியாதான் என்று எப்படித் தெரியும்? வோலரே, பிரௌட் என்ற வேதியியலாளர் முன்பு செய்திருந்த பகுப்பாய்வு எண்களைத்தான், அதாவது எந்தத் தனிமம் எத்தனை பங்கு என்ற கணக்கைத்தான், துணைக்கு அழைத்தார். அந்த எண்களை நம்பும்படி எடுப்பதுதான் அன்றைய தலைவலி.

பொருளை எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து கார்பனைக் கணக்கிடுவார்கள். அதுவரை அந்த வாயுவைப் பாதரசத்தின் மேல் பிடித்துக் கன அளவு பார்த்தார்கள். அதனால் ஒரு சிட்டிகைதான் எரிக்க முடியும். 1831-ல் கீசன் நகரில் லீபிக் அந்த வாயுவையே எடைபோட வழி செய்தார்.

பொருளை, எரிய ஆக்சிஜன் தரும் காப்பர் ஆக்சைடுடன் கலந்து கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கரி அடுப்பில் கிடத்துவார்கள். முதலில் வாய்ப்பக்கத்துக் காப்பர் ஆக்சைடு சிவக்க வேண்டும். பிறகு கரி நெருப்பை மெல்ல வால்பக்கம் நகர்த்த வேண்டும். நீராவியைக் கால்சியம் குளோரைடு பிடிக்கும்; அதன் எடை கூடுவதிலிருந்து ஹைட்ரஜன் தெரியும். கார்பன் டை ஆக்சைடு, பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் உள்ள குமிழ்களுக்குப் போகும். கீழே மூன்று குமிழ்களில் அது கொப்பளித்துக் கரையும். மேலே இருபுறமும் உள்ள பெரிய குமிழ்கள் காவலுக்கு: அழுத்தம் குறைந்து கரைசல் பின்வாங்கினாலும், சூடான குழாய்க்குள் பாயாமல் அங்கேயே தங்கிவிடும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் வாயு கரையாமலே தப்பிவிடும். கடைசியில் குழாயின் மெல்லிய வால்நுனியை ஒடித்து, மறுமுனையில் வாய்வைத்து மெதுவாக உறிஞ்சி, மிச்ச வாயுவையும் குமிழ்களுக்குள் இழுப்பார்கள்.

0.5 கிராம் சர்க்கரை எரித்தால் குமிழ்களின் எடை 0.772 கிராம் கூடும். அதில் 44-ல் 12 பங்கு கார்பன்: 0.2105 கிராம், அதாவது 42.1 சதவீதம்.

பெரும்பாலும் சறுக்குவது ஹைட்ரஜனில். காப்பர் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 9 மில்லிகிராம் ஈரம் இருந்தாலே 1 மில்லிகிராம் ஹைட்ரஜன் கூடுதலாகத் தெரியும், 0.5 கிராமில் அது 0.2 சதவீதம். மார்பினில் ஒரு ஹைட்ரஜன் அணுவின் பங்கே ஏறத்தாழ 0.35 சதவீதம்தான். லீபிக் இந்தக் கருவியோடு இறங்கியதும் மார்பின் போன்ற ஆல்கலாய்டுகளில்தான், அதாவது தாவரங்களில் கிடைக்கும் நைட்ரஜன் கொண்ட காரப் பொருள்களில்தான்!

கரும்பலகையில் கால்சியம் குளோரைடை முதலில் வரையுங்கள். பொட்டாஷ் முன்னால் வந்தால் நீராவியையும் சேர்த்துக் குடித்துவிடும். பிறகு எது கார்பன் கணக்கு, எது ஹைட்ரஜன் கணக்கு என்று பிரிக்கவே முடியாது.