ஜப்பானின் ஹனாஃபுடா சீட்டுகளில் எண்களே இல்லையே, எப்படி விளையாடுகிறார்கள்?

ஹனாஃபுடா என்பது பூக்களும் மரங்களும் வரைந்த 48 சிறிய, தடித்த சீட்டுகள் கொண்ட கட்டு. மாதத்துக்கு நான்கு வீதம் 12 மாதங்கள்: ஜனவரிக்குப் பைன் மரம், மார்ச்சுக்குச் செர்ரிப் பூ, அக்டோபருக்கு மேப்பிள் இலை.

எண்கள் இல்லாததற்குக் காரணம் சூதாட்டத் தடை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சீட்டுகளில் பணம் வைத்து ஆடினார்கள். பின்னர் ஜப்பானை ஆண்ட டோகுகாவா அரசு தடை விதிக்க விதிக்க, மக்கள் புதுப்புதுக் கட்டுகளை உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்ததுதான் இது.

அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம் என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. பார்த்ததும் கை தானாகப் போகிறது. இந்தச் சீட்டுகளும் அப்படியே பழகிவிடும்.

இருவர் ஆடும் ‘கொய்-கொய்’ மிகப் பிரபலம். ஆளுக்கு எட்டு, தரையில் எட்டு. கையிலுள்ள சீட்டின் மாதம் தரையிலுள்ள ஒன்றோடு பொருந்தினால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். காட்டுப்பன்றி, மான், வண்ணத்துப்பூச்சி மூன்றும் சேர்ந்தால் ஒரு கூட்டு. கூட்டு அமைந்ததும் நிறுத்திப் புள்ளிகளை வாங்கலாம். “கொய்-கொய்” என்று சொல்லித் தொடரவும் செய்யலாம். தொடர்ந்தால் எதிராளி முந்திவிடக்கூடும். ஆட்டத்தின் உயிரே அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது ஆகஸ்ட் நிலவுச் சீட்டு: சிவந்த வானம், கரிய குன்று, மேலே பெரிய வெண்ணிலவு.

1889இல் கியோட்டோவில் தொடங்கிய, இன்று வீடியோ கேம்களுக்குப் பெயர்பெற்ற நிண்டெண்டோ முதலில் தயாரித்தது இவற்றைத்தான் என்பதால், ஹனாஃபுடாவைக் கண்டுபிடித்ததே அந்த நிறுவனம் எனப் பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் நிண்டெண்டோவுக்கு வெகுகாலம் முன்பே இந்தச் சீட்டுகள் புழக்கத்தில் இருந்தன.