பி.எஸ்ஸி நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் எடுத்தால் மேற்படிப்புக்கு வழி இருக்கிறதா?

ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப், நீட் மதிப்பெண் போதவில்லை, பக்கத்துக் கல்லூரியில் நியூட்ரிஷன் சீட் கிடைக்கிறது, வீட்டில் "சமையல் படிப்புதானே" என்று இழுக்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். இதே படிப்பை முடித்துவிட்டு மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். வழி தாராளமாக இருக்கிறது. சொல்லப்போனால், மேலே படிக்காமல் இளங்கலையோடு நிறுத்தினால்தான் இதில் சிரமம்.

முதலில் வீட்டாரின் சந்தேகம். சமையல் உண்டுதான். ஆனால் அரிசியை வேகும் முன்னும் பின்னும் எடை போட்டு, ஒரு கப் சாதத்தில் எத்தனை கலோரி என்று கணக்குப் போடும் சமையல். முதல் வருடம், காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே, பி, சி வைட்டமின்கள் அதில்தான் போகின்றன என்று சொல்லித் தருவார்கள். அப்புறம் சிறுநீரக நோயாளிக்கான உணவுக்கு வரும்போது பாடம் தலைகீழாகும். உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பொரியல். கிழங்கில் இருக்கும் பொட்டாசியம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். அது ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும், அதனால். இந்த "ஏன்" தெரிய பயோகெமிஸ்ட்ரியும் உடலியங்கியலும் வேண்டும். கெமிஸ்ட்ரி என்றாலே பிடிக்காது என்பவர்கள் இரண்டாம் வருடத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பேசத் தெரிய வேண்டும். நேற்று முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "ரெண்டு இட்லிதான் மேடம்" என்பார்கள். எவ்வளவு பெரிய இட்லி, எண்ணெய் விட்ட பொடியா சட்னியா, நடுவில் எத்தனை டீ, ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று பொறுமையாகக் கேட்டு வாங்குவதற்குள் பாதி ஓபி நேரம் போய்விடும்.

சரி, மேற்படிப்பு. இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் நடத்தும் ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன், அதாவது பதிவு பெற்ற டயட்டீஷியன்) தேர்வை எழுத இளங்கலை மட்டும் போதாது, எம்.எஸ்ஸி அல்லது முதுகலை டிப்ளமோவும், மருத்துவமனைப் பயிற்சியும் கேட்பார்கள். பெரிய மருத்துவமனைகள் ஆர்.டி. முடித்தவர்களைத்தான் விரும்புகின்றன. எம்.எஸ்ஸிக்கு கோவை அவினாசிலிங்கம் (பெண்களுக்கு மட்டும்) பழைய, நல்ல பெயர். ஆராய்ச்சியில் ஆர்வம் என்றால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் அப்ளைடு நியூட்ரிஷன் எம்.எஸ்ஸி இருக்கிறது. அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராயும் சின்னக் கூடமாகத் தொடங்கியது. 1958இல்தான் ஹைதராபாத் போனது. கல்லூரியில் பாடம் நடத்த ஆசை என்றால் எம்.எஸ்ஸிக்குப் பிறகு ஹோம் சயின்ஸ் பாடத்தில் நெட் எழுதலாம். பிஎச்.டி.க்கும் தடையில்லை.

ஃபுட் டெக்னாலஜியையும் இதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். அது தொழிற்சாலை, பதப்படுத்துதல், பேக்கிங் பக்கம். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். கணக்கு எடுக்காதவர்கள் அந்த பி.டெக். பற்றி யோசிக்கவே வேண்டாம்.

செலவு குறையுமே என்று தபாலில் படிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2025இல் யுஜிசி, ஃபுட் அண்ட் நியூட்ரிஷன், டயட்டெடிக்ஸ் உட்பட மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்குத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் புதிய சேர்க்கை கூடாது என்று சொல்லிவிட்டது. 2021இல் வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்துக்குள் சத்துணவு வல்லுநர்களும் வருகிறார்கள். அதனால் பாடத்திட்டமும் பதிவு விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் சேரும் பட்டம் அதற்குப் பொருந்துமா என்று கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சம்பளம் ஆரம்பத்தில் சுமார்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. நர்சிங் முடித்த தோழியோடு ஒப்பிட்டால் முதல் சில வருடங்கள் வயிறு எரியும்.

அட்மிஷன் போடும் முன் அங்கே படிக்கும் சீனியர்களைப் பிடித்து ஒன்று கேளுங்கள்: இன்டர்ன்ஷிப்புக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே வார்டுக்குள் போய் நோயாளியோடு பேச விடுகிறார்களா, இல்லை கிச்சனில் நிற்க வைத்து ட்ரே எண்ணச் சொல்கிறார்களா?